நொதியை மாத்திரை தடுத்துவிட்டால் பியூரின் எங்கே போகும்?

கேள்வி: சுங்கை சிப்புட் மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா 30 ஆண்டுகளுக்கு மேல் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். இப்போது ஓய்வு பெற்று எங்களோடு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கிறார். சென்ற தீபாவளிக்கு மறுநாள் விடியற்காலையில் அவருடைய வலது கால் கட்டைவிரலின் மூட்டு செக்கச் சிவந்து வீங்கிவிட்டது. மேலே போர்த்தியிருந்த கைலியின் கனத்தைக்கூடத் தாங்க முடியாமல் அவர் துடித்ததை என்னால் மறக்க முடியவில்லை. இரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் லிட்டருக்கு 540 மைக்ரோமோல் என்று வந்தது. மருத்துவர் இது கௌட், அதாவது யூரிக் அமிலம் மூட்டில் படிகமாகப் படிவதால் வரும் மூட்டுநோய் என்று கூறி, வலி தணிந்த பிறகு அலோபியூரினால் மாத்திரையை நாளுக்கு 100 மில்லிகிராம் என்ற அளவில் தொடங்கி வைத்தார்.

அப்பா அதை மூன்று வாரம் சாப்பிட்டார், பிறகு நிறுத்திவிட்டார். காரணம் இதுதான்: இந்த மாத்திரை உடலில் பியூரின் என்ற பொருளை உடைக்கிற ஒரு நொதியை (என்சைமை) தடுக்கிறது என்று மருந்து கொடுத்தவர் விளக்கினாராம். "அறுவாளைப் பிடுங்கி வைத்துவிட்டால் குலை மரத்திலேயே இருந்து அழுகிப் போகாதா? உடைக்கிறதைத் தடுத்தால் உடையாதது உள்ளே தேங்காதா?" என்று அப்பா என்னைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆறாம் படிவத்தில் உயிரியல் படிக்கும் என் மகனும் பாடநூலில் இவ்வளவு விரிவாக இல்லை என்கிறான். இதற்கிடையில் அக்கம்பக்கத்தினர் சொல்லிச் சொல்லி அப்பா பருப்பையும் அறவே விட்டுவிட்டார். ஆறு மாதமாக எங்கள் வீட்டில் சாம்பார் இல்லை.

அந்த நொதி உண்மையில் என்ன செய்கிறது, அதைத் தடுத்தால் பியூரின் எங்கே போகிறது என்பதைத் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால், அப்பாவுக்கு நான் படித்துக் காட்டுவேன்.

பதில்: ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்

வணக்கம், அம்மா. உங்கள் அப்பா கேட்டிருப்பது மிகச் சரியான கேள்வி. எத்தனையோ ஆண்டுகள் பாடம் நடத்திய எனக்கு, இதே கேள்வியை ஒரு மாணவராவது கேட்டிருக்கலாமே என்று தோன்றுகிறது. ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

பியூரின் என்பது கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்த இரட்டை வளையம் கொண்ட ஒரு பொருள்; உடலில் அது கடைசியில் யூரிக் அமிலமாக மாறுகிறது. முதலில் அது எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். அது சாப்பாட்டில் இருந்து மட்டும் வரும் விருந்தாளி என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் நம் உடலின் ஒவ்வொரு உயிரணுவிலும் டி.என்.ஏ.வாகவும், ஆர்.என்.ஏ.வாகவும், தசைக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி.யாகவும் பியூரின் நிறைந்திருக்கிறது. பழைய உயிரணுக்கள் மடிந்து புதியவை பிறக்கும்போதெல்லாம் அது வெளியே வருகிறது. நாளொன்றுக்கு உண்டாகும் யூரிக் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இவ்வாறு உடலே உண்டாக்குவது. மீதி ஒரு பங்குதான் உணவின் வழியாக வருகிறது.

வெளிவந்த பியூரினில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டும் சர்க்கரையும் ஒவ்வொன்றாகக் கழற்றப்படுகின்றன. அடினோசின் வகை இனோசினாகி, பின்னர் ஹைப்போசாந்தீன் என்ற பொருளாகிறது. குவானின் வகை நேராகச் சாந்தீன் என்ற பொருளாகிறது. இதுவரை வேலை செய்பவை வேறு வேறு நொதிகள். மாத்திரை தடுக்கும் நொதியான சாந்தீன் ஆக்சிடேஸ் கடைசி இரண்டு படிகளில்தான் வருகிறது: ஹைப்போசாந்தீனைச் சாந்தீனாக்குகிறது, சாந்தீனை யூரிக் அமிலமாக்குகிறது.

இந்த இடத்தில் "உடைக்கிறது" என்ற சொல்தான் நம்மைக் குழப்புகிறது. அணுக்களை எண்ணிப் பாருங்கள். ஹைப்போசாந்தீனில் 5 கார்பன், 4 ஹைட்ரஜன், 4 நைட்ரஜன், 1 ஆக்சிஜன் உள்ளன. சாந்தீனில் எல்லாம் அப்படியே இருக்க, ஆக்சிஜன் மட்டும் 2 ஆகிறது. யூரிக் அமிலத்தில் அது 3 ஆகிறது. பியூரினுக்கே உரிய அந்த இரட்டை வளையம் கடைசிவரை முறியவே இல்லை. ஆக, இந்த நொதி அறுவாள் போல வெட்டுவதில்லை. இருக்கிற வளையத்தில் ஒவ்வொரு படியிலும் ஓர் ஆக்சிஜனைப் பொருத்துகிறது. இதை உங்கள் மகன் தாளில் வரைந்து பார்த்தால் ஒரு நொடியில் புரிந்துகொள்வார்.

அந்த ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பைத் தருகிற செய்தி. நாம் மூச்சில் இழுக்கும் காற்றிலிருந்து அது வருவதில்லை, தண்ணீரிலிருந்து வருகிறது. நொதியின் நடுவே மாலிப்டினம் என்ற உலோகத்தின் ஓர் அணு அமர்ந்திருக்கிறது. தண்ணீரிலிருந்து பெற்ற ஆக்சிஜனை அது பியூரின் வளையத்தில் ஏற்றிவிட்டு, வளையத்திலிருந்து இரண்டு எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. அந்த எலக்ட்ரான்கள் இரும்பும் கந்தகமும் சேர்ந்த இரண்டு சிறு கொத்துகளைக் கடந்து, ரைபோபிளேவின் என்ற வைட்டமினிலிருந்து உருவாகும் ஒரு துணைப்பொருளுக்குச் செல்கின்றன. அங்கேதான் காற்றின் ஆக்சிஜன் காத்திருக்கிறது. எலக்ட்ரான்களை ஏற்றுக்கொண்டு அது ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சூப்பராக்சைடாகவும் மாறுகிறது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தோட்டத்து மக்கள் வீட்டுக்கு வீடு மாடு வளர்த்த காலத்தில், அன்று காலை கறந்த பசும்பாலை வகுப்புக்கு வாங்கி வரச் சொல்வேன். பசும்பாலில் இந்த நொதி நிறைய உண்டு. ஒரு சோதனைக் குழாயில் பச்சைப் பாலை ஊற்றி, மெத்திலீன் நீலச் சாயத்தில் சில துளிகளும், கொஞ்சம் பார்மலினும் சேர்த்து, வெதுவெதுப்பான நீரில் நிறுத்தி வைப்போம். நொதி பார்மலினிலிருந்து எடுக்கும் எலக்ட்ரான்களைச் சாயம் வாங்கிக்கொள்வதால், சில நிமிடங்களில் நீலம் வெளுத்து, பால் பழைய வெண்மைக்குத் திரும்பிவிடும். ஆனால் மேற்பரப்பில், காற்றுப் படும் இடத்தில் மட்டும் மெல்லிய நீல வளையம் ஒன்று நிற்கும். குழாயைக் குலுக்கினால் நீலம் முழுவதும் திரும்ப வரும். காய்ச்சிய பாலில் இந்த மாற்றம் நிகழாது, ஏனெனில் சூட்டில் நொதி செயலிழந்துவிடுகிறது. 1902இல் ஷார்டிங்கர் என்பவர் பச்சைப் பாலையும் காய்ச்சிய பாலையும் பிரித்தறியக் கண்டுபிடித்த சோதனை இது. எலக்ட்ரான் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகிறது என்று நூறு முறை கரும்பலகையில் எழுதுவதைவிட, அந்த ஒரு நீல வளையம் மாணவர் மனத்தில் பதிந்தது.

இனி அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். மாத்திரை இந்த நொதியைத் தடுக்கும்போது ஹைப்போசாந்தீனும் சாந்தீனும் சற்றுக் கூடுவது உண்மைதான். ஆனால் அவற்றுக்குப் போக்கிடம் உண்டு. குலை வெட்டும்போது சிதறும் உதிரிப் பழங்களைப் பொறுக்கி மூட்டை கட்டி மறுபடியும் கணக்கில் சேர்ப்பதை அப்பா நன்றாக அறிவார். நம் உடலிலும் அப்படிப் பொறுக்கிச் சேர்க்கும் வேறொரு நொதி இருக்கிறது. ஹைப்போசாந்தீனை எடுத்து, சர்க்கரையையும் பாஸ்பேட்டையும் மீண்டும் பூட்டி, உடலுக்குப் பயன்படும் பியூரினாக அது மாற்றிவிடுகிறது. அப்படிப் பழையது திரும்பி வந்து சேரும்போது, உடல் புதிதாகப் பியூரின் தயாரிப்பதும் குறைகிறது. பொறுக்கப்படாமல் எஞ்சுவதைச் சிறுநீரகம் விரைவாக வெளியேற்றிவிடுகிறது. முன்பு யூரிக் அமிலம் என்ற ஒரே பொருளாக வந்த சுமை, இப்போது மூன்று பொருள்களாகப் பிரிந்து வெளியேறுகிறது. அதனால் எந்த ஒன்றும் படிகமாகும் அளவுக்குச் செறிவதில்லை.

இதற்கு இயற்கையே ஒரு சான்று வைத்திருக்கிறது. பிறவியிலேயே இந்த நொதி வேலை செய்யாத மனிதர்கள் மிக அரிதாக இருக்கிறார்கள். அவர்களுடைய இரத்தத்தில் யூரிக் அமிலம் அநேகமாக இருப்பதே இல்லை. சிலருக்குச் சாந்தீன் கல் சிறுநீரகத்தில் உண்டாகிறது. ஆனால் பலர் எந்தத் தொல்லையும் தெரியாமலே வாழ்கிறார்கள். மாத்திரை நொதியை அந்த அளவுக்கு முழுமையாக நிறுத்துவதும் இல்லை.

சுங்கை சிப்புட் மகள்

ஐயா, மிகவும் நன்றி. உதிரிப் பழம் பற்றிய பகுதியை அப்பா இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். மாத்திரை அந்த நொதியை எப்படித்தான் பிடித்து நிறுத்துகிறது, நிறுத்திய மாத்திரையைத் தானாகவே மறுபடியும் தொடங்கலாமா என்று இப்போது கேட்கிறார்.

பதில்: மருந்தாளர், ஈப்போ

வணக்கம், அக்கா. இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: தானாகத் தொடங்க வேண்டாம். மாத்திரையை நிறுத்தி எத்தனை நாள் ஆயிற்று என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி, அவர் குறிக்கும் அளவிலிருந்து தொடங்குங்கள். முதல் சில மாதங்களில் யூரிக் அமிலம் இறங்கும்போதே வலி மறுபடியும் வருவதுண்டு. பல ஆண்டுகளாக மூட்டில் படிந்திருந்த படிகங்கள் கரைந்து நகரத் தொடங்குவதால் அது நேர்கிறது. "மாத்திரை சாப்பிட்டதால்தான் வலி வந்தது" என்று நினைத்துப் பலர் அப்போதே விட்டுவிடுகிறார்கள். அதைத் தவிர்க்கத்தான் தொடக்கத்தில் குறைந்த அளவும், கூடவே வீக்கத்தை அடக்கும் கொல்கிசின் போன்ற மருந்தும் தரப்படுகின்றன. எட்ட வேண்டிய அளவு பொதுவாக 360 மைக்ரோமோலுக்குக் கீழ். இந்தியாவில் உள்ள உறவினர் யாராவது அதை 6 என்று சொன்னால் குழம்ப வேண்டாம். அவர்கள் டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று கணக்கிடுகிறார்கள். உங்கள் அப்பாவின் 540 என்பது அவர்கள் கணக்கில் ஏறத்தாழ 9.

மாத்திரை நொதியைப் பிடிக்கும் விதம் மிக நுட்பமானது. அலோபியூரினாலில் உள்ள அணுக்களை எண்ணினால் ஹைப்போசாந்தீனில் உள்ள அதே எண்ணிக்கைதான் வரும். ஒரு கார்பனும் ஒரு நைட்ரஜனும் மட்டும் இடம் மாறி அமர்ந்திருக்கின்றன. இதைத் தன் வழக்கமான பொருள் என்றே நொதி ஏற்றுக்கொண்டு, அதன்மேலும் ஓர் ஆக்சிஜனைப் பொருத்துகிறது. அப்படி உண்டாகும் ஆக்சிபியூரினால், எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு நிற்கும் அந்த மாலிப்டினத்தையே இறுகப் பற்றிக்கொள்கிறது. தன்னைக் கட்டும் கயிற்றை நொதி தானே திரித்துக்கொள்கிறது எனலாம். அலோபியூரினால் இரத்தத்தில் சில மணி நேரமே தங்கும். ஆனால் ஆக்சிபியூரினாலின் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. நாளுக்கு ஒரு வேளை சாப்பிட்டால் போதும் என்பது அதனால்தான். அதை வெளியேற்றுவது சிறுநீரகம் என்பதால், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அளவை மெதுவாகத்தான் கூட்டுவார்கள்.

இந்த மருந்தை உருவாக்கிய கெர்ட்ரூட் எலியன் அம்மையாரும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் முதலில் கௌட்டை எண்ணித் தொடங்கவில்லை. இரத்தப் புற்றுநோய்க்கான மெர்காப்டோபியூரின் என்ற மருந்தை இதே சாந்தீன் ஆக்சிடேஸ் சிதைத்துவிடுவதைத் தடுக்கவே முயன்றார்கள். நோயாளிகளின் யூரிக் அமிலம் குறைவது அப்போதுதான் தெரிந்தது. 1966இல் அமெரிக்காவில் கௌட்டுக்கு ஒப்புதல் கிடைத்தது. 1988இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அக்கதையிலேயே ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது: அந்த மெர்காப்டோபியூரினையோ, உடலில் அதுவாக மாறும் அசாதியோபிரின் என்ற மருந்தையோ சாப்பிடுகிறவர்கள் அலோபியூரினாலைச் சேர்த்துச் சாப்பிட்டால் அவை உடலில் ஆபத்தான அளவுக்குத் தேங்கிவிடும். அப்பாவுக்கு வேறு மருந்துகள் இருந்தால் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். இரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற நீர் மாத்திரைகள் யூரிக் அமிலத்தைக் கூட்டக்கூடியவை.

மிக முக்கியமான ஒன்று. அலோபியூரினால் தொடங்கிய முதல் சில மாதங்களில் தோலில் தடிப்போ, வாயில் புண்ணோ, காய்ச்சலோ, கண் சிவப்போ கண்டால் அடுத்த மாத்திரையைத் தொடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குறிப்பிட்ட ஒரு மரபுக்கூறு உள்ளவர்களுக்குத் தோல் உரியும் கடுமையான ஒவ்வாமை வரலாம். சீனர், தாய்லாந்தியர் ஆகியோரிடம் அம்மரபுக்கூறு கூடுதலாகக் காணப்பட்டாலும் வேறு யாருக்கும் வராது என்று இருந்துவிட முடியாது. பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் விற்கும் "மூட்டுவலி ஜமு" மூலிகைப் பொட்டலங்களை நம்ப வேண்டாம் என்றும் அப்பாவிடம் சொல்லுங்கள். அவற்றுள் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. வலி மாயமாக மறைவது அதனால்தான்.

பதில்: செம்பனைத் தோட்ட அலுவலர், கோலகங்சார்

இந்த உரையாடலை ஆர்வத்தோடு படித்து வருகிறேன். மருத்துவம் நான் அறியாதது. ஆனால் ஆசிரியர் ஐயா குறிப்பிட்ட இதே வேதிமாற்றம் நம் தோட்டத்து மண்ணிலும் நடப்பதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

பழைய செம்பனையைச் சாய்த்து மறுநடவு செய்யும்போது, மண் அரிக்காமல் இருக்கப் பூரேரியா, கலப்பகோனியம், முக்குனா போன்ற அவரைக் குடும்பத்து மூடுபயிர்களை விதைக்கிறோம். உங்கள் அப்பா அந்தக் கொடிகளுக்குள் கால் சிக்கி நடந்திருப்பார். அவரைக் குடும்பத்துச் செடிகளின் வேர் முடிச்சில் வாழும் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கிறது. அந்த நைட்ரஜனை இலைக்குக் கொண்டுபோக வேண்டுமே! சோயா, தட்டைப்பயறு போன்ற வெப்பமண்டலப் பயறுகள் அதற்காக முதலில் பியூரினைத் தயாரிக்கின்றன. பிறகு நம் நொதியின் நெருங்கிய உறவான சாந்தீன் டீஹைட்ரஜனேஸ் அதை யூரிக் அமிலமாக்குகிறது. செடி அதோடு நிற்பதில்லை. யூரிகேஸ் என்ற அடுத்த நொதியைக் கொண்டு அந்த வளையத்தைத் திறந்து, நீரில் நன்கு கரையும் அலன்டோயினாக மாற்றித் தண்டு வழியே மேலே அனுப்புகிறது. வேர் முடிச்சில் நைட்ரஜனைப் பிடிக்கும் நொதிக்கும் மாலிப்டினம் வேண்டும், சாந்தீன் டீஹைட்ரஜனேஸுக்கும் மாலிப்டினம் வேண்டும். நம் ஊர் மண் புளிப்பு மிகுந்தது. புளித்த மண்ணில் மாலிப்டினம் செடிக்கு எளிதில் கிடைப்பதில்லை. மூடுபயிர் வெளுத்து நிற்கும் இடங்களைப் பார்க்கும்போது நான் இதையும் எண்ணிப் பார்ப்பதுண்டு.

மனிதருக்கும் அந்த யூரிகேஸ் இருந்திருந்தால் கௌட் என்ற நோயே இருந்திருக்காது என்று படித்திருக்கிறேன். அது சரிதானா என்று ஆசிரியர் ஐயா விளக்க வேண்டும்.

பதில்: ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்

அலுவலர் சொன்னது பெரும்பாலும் சரி. யூரிகேஸுக்கான மரபணு நம் உடலில் இன்றும் கிடக்கிறது. ஆனால் பழுதாகிக் கிடக்கிறது. நம்முடைய முன்னோர்களான வாலில்லாக் குரங்குகளின் வழியில், ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்பே அது செயலிழந்துவிட்டது. மாட்டுக்கும் நாய்க்கும் அது வேலை செய்கிறது. பறவைக்கும் பல்லிக்கும் கதை வேறு: தண்ணீரைச் சேமிப்பதற்காக அவை நைட்ரஜன் கழிவையே யூரிக் அமிலமாக, திடப்பொருளாக வெளியேற்றுகின்றன. வீட்டுச் சுவரோரம் விழுந்து கிடக்கும் பல்லி எச்சத்தின் கரிய துண்டில் ஒரு முனை மட்டும் சுண்ணாம்பு போல வெள்ளையாக இருப்பதை எல்லோரும் கூட்டித் தள்ளியிருப்போம். அந்த வெள்ளை முனைதான் யூரிக் அமிலம். அதே வகைப் பொருள்தான் ஊசி ஊசியான உப்புப் படிகமாகி உங்கள் அப்பாவின் விரல் மூட்டில் படிந்தது.

அம்மா, சாம்பார் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. அதை விட்டுவிட எனக்கு மனமில்லை. பருப்பில் பியூரின் இருக்கிறது. ஆனால் 47,150 ஆண்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இறைச்சியும் கடலுணவும் மிகுதியாக உண்டவர்களுக்கே கௌட் கூடுதலாக வந்தது. பியூரின் மிகுந்த காய்கறி, பயறு வகைகளால் அப்படிக் கூடவில்லை. பால் பொருள்கள் அதிகம் உண்டவர்களுக்கு அது குறைவாகவே வந்தது. பாலில் சாந்தீன் ஆக்சிடேஸ் இருக்கிறதே என்று அஞ்சவும் வேண்டாம். நொதி ஒரு புரதம், வயிற்றுக்குள் போனதும் மற்றப் புரதங்களைப் போலச் செரித்துவிடும். ஆகவே சாம்பாரை மீண்டும் அடுப்பில் ஏற்றுங்கள். குறைக்க வேண்டியவை நெத்திலியும் கருவாடும் ஆட்டு ஈரலும்தான். தலையும் குடலுமாக முழுதாக உண்ணும் சிறுமீனில் உயிரணுக்கள் நெருக்கமாக இருக்கின்றன. காய வைத்தால் தண்ணீர் மட்டும் போய்ப் பியூரின் அப்படியே செறிந்து நிற்கிறது.

பியூரினே இல்லாத ஒன்றும் யூரிக் அமிலத்தைக் கூட்டும் என்பதைப் பலர் அறியமாட்டார்கள். சீனியில் பாதி பிரக்டோஸ். கல்லீரல் பிரக்டோஸைக் கையாளும்போது ஏ.டி.பி.யை மிக வேகமாகச் செலவழிக்கிறது, மீண்டும் ஏ.டி.பி.யாக மாற முடியாத மிச்சம் மேலே சொன்ன அதே படிகளில் இறங்கி யூரிக் அமிலமாகிறது. கட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணீரையும் ரோஸ் சிராப்பையும் நாளுக்கு நான்கைந்து குவளை குடிக்கும் நம் பழக்கத்தை எண்ணித்தான் இதைச் சொல்கிறேன். பீர் இரண்டு வழியிலும் தீங்கானது: அதற்குள் பியூரினும் உண்டு, அதிலுள்ள மது யூரிக் அமிலம் சிறுநீரில் வெளியேறுவதையும் குறைக்கிறது.

சுங்கை சிப்புட் மகள்

அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நேற்றுக் காலையில் அப்பாவை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். மாத்திரையை நிறுத்தியதை அப்பாவே சொன்னார். மறுபடியும் 100 மில்லிகிராமிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். இரத்த அழுத்தத்துக்கு அவர் சாப்பிட்டு வந்த நீர் மாத்திரையையும் மாற்றித் தந்திருக்கிறார்கள். மதியம் முருங்கைக்காய்ச் சாம்பார் வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா இன்னொன்று கேட்டார்: உடம்பு முழுக்க ஓடும் இரத்தத்தில்தானே இந்த அமிலம் இருக்கிறது, அப்படியிருக்கக் கால் கட்டைவிரலை மட்டும் ஏன் தேடிப் போய்ப் பிடித்தது, அதுவும் ஏன் விடியற்காலையில்?

பதில்: ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்

குளிர்தான் முதல் காரணமாகக் கருதப்படுகிறது, அம்மா. சூடான தேத்தண்ணீரில் கரைந்த சீனி, ஐஸ் போட்டால் அடியில் தங்குவதைப் பார்த்திருப்பீர்கள். உடலின் நடுப்பகுதி வெப்பமான 37 பாகையில், டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராம் வரை, அதாவது லிட்டருக்கு 400 மைக்ரோமோலுக்குச் சற்று மேல் வரை, யூரிக் அமிலத்தின் உப்பான யூரேட் கரைந்து நிற்கும். 30 பாகைக்கு இறங்கினால் 4.5 மில்லிகிராம் அளவே கரையும். இதயத்திலிருந்து வெகு தொலைவில் இருக்கும் கட்டைவிரல் உடலின் மற்றப் பகுதிகளைவிடக் குளிர்ந்தது. ஆயுள் முழுக்க நடந்து உழைத்துத் தேய்ந்த மூட்டும் அதுவே. விடியற்காலையில் அது மேலும் குளிர்கிறது. இரவு முழுவதும் தண்ணீர் குடிக்காததால் இரத்தமும் சற்றுச் செறிகிறது. வீக்கத்தை அடக்கும் கார்டிசோல் என்ற சுரப்பும் நள்ளிரவையொட்டி மிகக் குறைந்திருக்கும். தீபாவளி விருந்து முடிந்து படுத்த இரவில் இவை எல்லாம் ஒன்றுகூடியிருக்கின்றன. படுக்கும் முன் அப்பாவின் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு செம்பு தண்ணீர் வைத்துவிடுங்கள். மருத்துவர் தண்ணீரின் அளவைக் கட்டுப்படுத்தாதவரை, இடையில் எழும்போதெல்லாம் அவர் கொஞ்சம் குடிக்கலாம்.